இரண்டு மதிப்பெண்ணில் முடிந்துபோன டாசிட்டஸ்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். முதுகலை ரோம வரலாற்றுத் தாளிலிருந்து, பண்டை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் ‘வரலாறுகள்’ நூற்பகுதிகள் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் ஒன்றரைப் பக்கச் சுருக்கம் வைக்கப்பட்ட கதையைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். இம்மடலை எழுதவைத்தது சென்ற பருவத் தேர்வின் விடைத்தாள் ஒன்று.

‘பேரரசு பற்றி டாசிட்டஸின் கருத்து யாது?’ என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு, ‘குடியரசை ஆதரித்தார், பேரரசர்களை வெறுத்தார்’ என்பது தங்கள் விடைக்குறிப்பு. நூலகத்தில் பழைய மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்த என் மாணவி ஒருத்தி, ‘அமைதிக்காக ஒருவர் ஆட்சி தேவைப்பட்டதை அவர் ஏற்கிறார், அதற்குக் கொடுத்த விலையையும் கணக்கெழுதுகிறார்’ என்று விடையளித்திருந்தாள். கிடைத்தது சுழியம். கட்டணம் கட்டி மறுமதிப்பீடு கோரியபோதும் சுழியமே.

அவள் எழுதியதில் பிழை இல்லை. ரோமின் உள்நாட்டுப் போர்களை முடித்துவைத்த ஆக்டியம் போருக்குப் பின் அமைதியின் பொருட்டு அதிகாரம் முழுவதும் ஒருவரிடம் சேர்ந்தது என்றும், அத்துடன் வரலாற்றில் உண்மையும் பலவாறு சிதைந்தது என்றும் டாசிட்டஸ் நூலின் தொடக்கத்திலேயே சொல்கிறார். ஆட்சி தங்களுடையதல்ல என்று ஆனபின் மக்களுக்கு அதைப் பற்றித் தெரியாமற்போனது. எழுத வந்தவர்களையோ முகத்துதியும் வெறுப்பும் பிடித்துக்கொண்டன. வெஸ்பாசியன், டைட்டஸ், டொமிஷியன் என மூன்று பேரரசர்களின் ஆட்சியிலும் பதவியில் உயர்ந்தவர் தாமே என்பதையும் அவர் அங்கு மறைக்கவில்லை. கி.பி. 97இல் ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சலாக இருந்த மனிதரை வெறும் ‘எதிர்ப்பாளர்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

நீக்கப்பட்ட பகுதிகளுள் வட இத்தாலியின் கிரெமோனா போர்க்களக் காட்சியும் ஒன்று. கி.பி. 69இல் நான்கு பேரரசர்கள் அடுத்தடுத்து வந்தார்கள் என்று தங்கள் சுருக்கம் சொல்லி முடித்துவிடுகிறது. அந்த ஆண்டின் இரண்டாம் கிரெமோனா போரில், அந்நால்வருள் ஒருவரான விட்டெல்லியஸின் படையில் நின்றவன் ஸ்பெயினைச் சேர்ந்த யூலியஸ் மன்சுவேட்டஸ். அவன் ஊரில் சிறுவனாக விட்டுவந்த மகன் வளர்ந்து, அந்நால்வருள் முதல்வரான கால்பாவின் காலத்தில் ஏழாம் லெஜியன் என்ற படைப்பிரிவில் சேர்ந்து, எதிரே நின்ற வெஸ்பாசியன் தரப்புப் படையில் வந்திருந்தான். தான் வெட்டி வீழ்த்திய கிழவனின் உடலைத் துழாவும்போதுதான் அது தந்தை என்று அவனுக்குத் தெரிகிறது. உயிர் ஊசலாடும் உடலைத் தழுவிக்கொண்டு, இந்தப் பழி நாட்டுக்குரியது, உள்நாட்டுப் போரில் ஒரு வீரனின் பங்கு எவ்வளவு என்று அழுகிறான். பிறகு மண்ணைத் தோண்டி அடக்கம் செய்கிறான். அதைக் கண்டவர்கள் போரைச் சபித்தார்கள், ஆனால் சபித்துக்கொண்டே தம் உறவினரையும் உடன்பிறந்தாரையும் வெட்டினார்கள் என்கிறார் டாசிட்டஸ். இதைப் படித்த வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சுருக்கத்தைப் படித்த வகுப்பில் ‘இது தேர்வுக்கு வருமா?’ என்று கேட்டார்கள்.

எனவே அப்பகுதிகளைப் பாடத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இதே கோரிக்கையுடன் ஏற்கெனவே இரு மனுக்கள் அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாகக்கூடப் பதில் இல்லை. அதே 69ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று கால்பா ரோமின் பொதுச்சதுக்கமான ஃபோரத்தில் கொல்லப்பட்டபின், அன்றைய கொலைகளில் தமக்கும் பங்குண்டு என்று பரிசு கேட்டு 120க்கும் மேற்பட்டோர் மனு எழுதிக் கொடுத்தனர். அவை பின்னர் விட்டெல்லியஸின் கையில் சிக்கின. எழுதியவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்லச் சொன்னார். கால்பாவின் மீதுள்ள மதிப்பால் அல்ல, அரியணையில் இருப்போர் தமக்குக் காவலாகக் கைக்கொள்ளும் வழக்கப்படியே என்று டாசிட்டஸ் குறிக்கிறார். எப்படியாயினும் அந்த மனுக்களை ஒருவர் படித்தார். இவ்வொப்புமை வரம்பு மீறியதாயின் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆசிரியர்கள் எழுதுவதை எந்த அலுவலகமும் பிரித்துப் பார்ப்பதில்லை என்ற சலிப்பு அப்படி எழுதவைத்துவிட்டது.

பக்கச்சுமை அதிகம் என்பது தங்கள் தரப்பு என்றால், முன்னுரைப் பகுதியும் கிரெமோனா பகுதியும் மட்டும் போதும். பத்துப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். பேரரசரை ரோமுக்கு வெளியிலும் உருவாக்கலாம் என்ற ஆட்சி இரகசியம் அதற்கு முந்தைய ஆண்டில், பேரரசர் நீரோவின் முடிவோடு வெளிப்பட்டதைச் சொல்லும் வரியையும் சேர்த்தால், படைகள் ஏன் ரோமை நோக்கி அணிவகுத்தன என்பது மாணவர்களுக்குத் தானே விளங்கும். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்த்து, மூலப் பகுதிகளை மீண்டும் பாடமாக்குமாறும், அந்த விடைக்குறிப்பைத் திருத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். திருத்தியபின் அம்மாணவியின் விடைத்தாளை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம். இம்முறை கட்டணம் கேட்காமல்.

இப்படிக்கு,
ரோம வரலாற்றுத் தாள் நடத்தும் ஆசிரியர் ஒருவர்