வீட்டுக்காரன் ரொறன்ரோவில்

கொக்குவில்
ஆடி 2025

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. ரொறன்ரோவில் நீ வாடகைக்கு விட்டிருக்கும் பேஸ்மென்டின் கதையை இரண்டு தரம் வாசித்தேன். இந்த வருடம் 2.5 வீதத்துக்கு மேல் வாடகை கூட்ட முடியாது என்று அங்கே சட்டத்தைத் திட்டுகிறாய். இங்கே உன் கோண்டாவில் வீட்டுக்குச் சட்டமும் இல்லை, கடதாசியும் இல்லை என்று என்னைத் திட்டுகிறாய்.

அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் ரீச்சர் மூன்று மாத வாடகையைக் கழித்துக்கொண்டதுதான் உன் கோபம். போன மாரியில் தலைவாசல் கூரை ஒழுகியது. ஓட்டைக் கழற்றியபோது சிலாகைகள் கையோடு உதிர்ந்தன, அவ்வளவு கறையான். உனக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. அவர் தன் காசில் மேசனைப் பிடித்துச் செய்தார். பற்றுச்சீட்டுகளை நான் பார்த்தேன், ஒரு ரூபாயும் கூட்டி எழுதவில்லை. பூட்டிக் கிடந்திருந்தால் இந்நேரம் கூரை நிலத்தில் இருந்திருக்கும். உங்கள் ஒழுங்கையில் அப்படி இரண்டு வீடு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

வாடகை போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2019இல் பேசிய 20,000 ரூபாயே இன்றும். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, அந்த வைகாசியில் 360ஐத் தொட்டது, இப்போது 300ஐச் சுற்றி நிற்கிறது. உன் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. ஆனால் கூட்டிக் கேட்க நான் எந்த முகத்தோடு போவது? 'அடுத்த வருடம் வந்து இருக்கப் போகிறேன், எழுத்தில் ஒன்றும் வேண்டாம்' என்று 2014இல் நீ சொன்னாய். அந்த அடுத்த வருடம் பதினொரு வருடமாகிவிட்டது. எப்போது வீட்டைவிட்டு எழுப்புவார்களோ என்று இருக்கிறவரிடம் மதிலுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லவும் வாய் வரவில்லை.

பத்து வருடம் இருந்தால் வீடு அவர்களுக்காகிவிடும் என்று உன் மருமகன் வெருட்டியிருக்கிறான். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடம் இருப்பது உண்மை. ஆனால் அது உரிமையாளனை மறுத்து, தனக்கென்று ஆளுகிறவனுக்கு. மாதாமாதம் உனக்கு வாடகை தருகிறவர் உன்னை உரிமையாளன் என்று ஒப்புக்கொண்டபடியே இருக்கிறார். அதனால்தான் நான் பற்றுச்சீட்டின் அடிக்கட்டைகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். நீ அதைப் பார்த்து முன்பு சிரித்தாய். (மருமகனுக்கு அந்த வீட்டில் ஒரு கண் இருக்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம்.)

இங்கே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும். 2023இன் முதலாவது சட்டம், அப்படி எழுதிய குத்தகை முடிந்ததும் வீட்டை விரைவாக மீட்க வழி செய்திருக்கிறது. வாய்ப்பேச்சுக்கு அந்த வழி திறக்காது. பழையபடி வழக்குப் போட்டு, தவணைக்குத் தவணை நான்தான் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது.

ஆகவே அங்கேயுள்ள துணைத்தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (உனக்காக நான் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. இங்கே பதிவு செய்ய வேண்டும், அந்த அலைச்சல் என்னுடையது. இரண்டு வருடக் குத்தகை, 35,000 ரூபாய், திருத்த வேலை யார் பொறுப்பு என்று வரிக்கு வரி எழுதுவோம். ரீச்சரிடம் கேட்டுவிட்டேன். தொகையைக் கேட்டுச் சற்று யோசித்தார், 'இரண்டு வருடம் எழுப்ப மாட்டார்கள்தானே?' என்று மட்டும் கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நீ உண்மையாகவே வருவதென்றால் அதையும் இப்போதே எழுது, மாதத்தோடு.

கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்தது. உன் பங்கென்று ரீச்சர் ஒரு பெட்டி தந்தார். கனடாவுக்கு அனுப்ப வழியில்லாததால் நானே சாப்பிட்டுவிட்டேன்.

அன்புடன்,
நடா