தரையில் புதைந்த டகோட்டா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் அனுப்பிய எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்ற கணினி விமான சிமுலேட்டர்) சீனரித் தொகுப்பில், அதாவது விமான நிலையக் காட்சித் தொகுப்பில், ஏப்ரனில் (விமானங்களை நிறுத்தும் தளத்தில்) நிற்க வேண்டிய டிசி-3 டகோட்டா வயிறு தரையில் படக் கிடப்பதாகப் பலர் படத்தோடு எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னது சரி, தவறு எங்களுடையது. முதல் தடவை மாற்றிப் பார்த்த கோப்பு, அனுப்பும் அவசரத்தில் தொகுப்பில் ஏறிவிட்டது. திருத்திய கோப்பை இந்த மடலோடு இணைத்திருக்கிறோம்.

"பறக்கிற மாடல்தான் இருக்கிறதே, அதை ஸ்டாட்டிக்காக, சும்மா நிற்கிற சீனரிப் பொருளாக, மாற்ற எதற்கு இத்தனை நாள்?" என்று கேட்பவர்களுக்கும் இந்தத் தவறிலேயே பதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

விமான மாடலின் பூஜ்யப் புள்ளி, அதாவது மாடலின் எல்லா அளவும் தொடங்குகிற புள்ளி, சக்கரத்தடியில் இருக்காது. இறக்கைப் பக்கம், உடலுக்குள் எங்கோ இருக்கும். அந்தப் புள்ளி தரையிலிருந்து எத்தனை அடி மேலே நிற்க வேண்டும் என்பதை, பறக்கிற விமானத்தோடு வரும் ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பில் உள்ள ‘ஸ்டாட்டிக் சிஜி ஹைட்’ வரி சொல்லும். சீனரிப் பொருளாக மாறும்போது அந்தக் கோப்பு கூட வராது. பூஜ்யப் புள்ளி நேரே தரையில் உட்காரும், சக்கரம் மண்ணுக்குள் போய்விடும். டகோட்டாவோ வால் சக்கர விமானம். மூக்கைத் தூக்கி ஏறக்குறைய 11, 12 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். அந்தச் சாய்வும் அதே கோப்பில்தான் இருக்கிறது. இரண்டையும் நாங்கள் மாடலுக்குள்ளேயே கையால் கொடுக்க வேண்டும்.

அப்புறம் சக்கரக் கால்கள். எஃப்எஸ்எக்ஸ் அனிமேஷனில் ஃபிரேம் எண் 0 என்றால் சக்கரம் உள்ளே, 100 என்றால் வெளியே. அதற்கு மேல் 200 வரை போவது சஸ்பென்ஷன் அமுங்குவது. 100-இல் நிறுத்திவிட்டால் சக்கரம் வெளியே வந்திருக்கும், ஆனால் கால் முழுதாக நீண்டு, விமானத்தைக் கயிறு கட்டித் தூக்கிப் பிடித்த மாதிரி தெரியும். பாரம் இறங்கிய விமானத்தின் கால் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து உறைய வைப்பதற்கே ஒரு மாலைப் பொழுது போய்விடுகிறது. எங்களுக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

புரொப்பெல்லர் மாடலுக்குள் மூன்று வடிவில் இருக்கிறது: நிற்பது, மெதுவாகச் சுற்றுவது, வேகத்தில் வட்டமாக மங்கித் தெரிவது. இன்ஜின் வேகத்தைப் பார்த்து சிமுலேட்டர் ஒன்றை மட்டும் காட்டும். ஸ்டாட்டிக்கில் இன்ஜினே கிடையாது, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். நிற்பதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மாடல்கன்வர்ட்டர்எக்ஸ் என்ற மாடல் மாற்றும் நிரலில் நீக்குகிறோம்.

மாடலின் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சரின் அளவையும் குறைக்கிறோம். டிஎக்ஸ்டி5 என்ற சுருக்க முறையில், பக்கத்துக்கு 4096 பிக்சல் அளவுள்ள ஒரு படம் 16 எம்பி பிடிக்கும், 1024 என்றால் 1 எம்பிதான். எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் நிரல், 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. ஏப்ரனில் பத்து விமானம் நிற்கிற நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இன்னொரு விஷயம். வேறு இடத்தில் காசு கொடுத்து வாங்கிய விமானங்களை அனுப்பி, ஸ்டாட்டிக்காக மாற்றித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். மாடலைச் செய்தவரிடமிருந்து எழுத்தில் சம்மதம் வாங்கி வந்தால் சந்தோஷமாகச் செய்வோம். அது இல்லாமல் முடியாது. ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவரின் உழைப்பு அது. எங்கள் மாடல்களை யாராவது கேட்காமல் எடுத்தால் எங்களுக்கும் வலிக்கும்.

இணைத்திருக்கும் புதிய பிஜிஎல் கோப்புக்கும் (எஃப்எஸ்எக்ஸின் சீனரிக் கோப்பு வகை) பழைய பெயர்தான். சிமுலேட்டரை மூடிவிட்டு, சீனரி கோப்புறையில் பழையதன் மேலேயே போட்டுவிடுங்கள். டெக்ஸ்சர் கோப்புகளைத் தொட வேண்டாம். பிறகு டகோட்டாவின் வால் பக்கம் போய்ப் பாருங்கள். டயருக்கும் தரைக்கும் நடுவே துளி இடைவெளி தெரிந்தாலும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், உடனே பார்க்கிறோம்.

அன்புடன்,
உங்கள் சீனரிக் கடையிலிருந்து