அமெரிக்கப் பள்ளியில் சேரும் பிள்ளைகளும் காசநோய்ப் பரிசோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் தமிழகத்திலிருந்து குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயரும் பெற்றோர், பள்ளிச் சேர்க்கையின்போது எதிர்கொள்ளும் காசநோய்ப் பரிசோதனை குறித்துச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நாங்கள் வசிக்கும் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), புதிதாகப் பள்ளியில் சேரும் பிள்ளைக்குக் காசநோய்த் தொற்றுக்கான வாய்ப்பு உண்டா என்று மருத்துவர் விசாரித்துக் கையொப்பமிடும் படிவம் 2014 ஜூன் முதல் கட்டாயமாக உள்ளது. நோய் மிகுந்த நாட்டில் பிறந்த பிள்ளை என்றால் அடுத்த கட்டமாகப் பரிசோதனை உண்டு. இதை அவமதிப்பாக எண்ணி வருந்தும் நம்மவர் பலர். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, அக்கேள்வியைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலும், எச்-4 போன்ற சார்பு விசாவில் (அங்கு வேலை செய்பவரின் துணைவர், பிள்ளைகளுக்கான விசா) வருவோருக்குப் பொதுவாகப் புறப்படும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது என்பதால், தொற்றைக் கண்டறியும் முதல் வாய்ப்பே பள்ளிச் சேர்க்கைதான்.

எந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது என்பதில்தான் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். முன்கைத் தோலுக்குள் மருந்தைச் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளந்து பார்க்கும் மாண்டூ சோதனை, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி போட்ட பிள்ளைக்குத் தொற்று இல்லாமலேயே தொற்று இருப்பதாகக் காட்டிவிடக்கூடும். ஐஜிஆர்ஏ எனப்படும் இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குறை இல்லை. எங்கள் மகளின் இடது தோளில் பிசிஜி தழும்பு பளிச்சென்று தெரிந்தும், நாங்கள் சென்ற மருத்துவமனையில் தோல் சோதனையையே செய்தார்கள். கை தடித்தது, எக்ஸ்ரே எடுத்தோம், கடைசியில் இரத்தப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்தது. அதற்குள் வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஆகவே, இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று பெற்றோரே முதலில் கேட்டுவிடுவது நல்லது.

அந்த இரத்தப் பரிசோதனையிலும் தொற்று உறுதியானால், "பிசிஜி போட்டிருக்கிறோமே" என்று மருந்தை மறுப்பது பெரும் தவறு. அத்தடுப்பூசி சிறு குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பதை 1968-இல் நம் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பெரிய ஆய்வே காட்டியது. நோய் அறிகுறி இன்றி, எக்ஸ்ரேயும் சரியாக இருந்தால், அது கிருமி உடலில் இருந்தும் நோயாக மாறாத உறங்குநிலைத் தொற்று மட்டுமே. அந்தப் பிள்ளையிடமிருந்து யாருக்கும் பரவாது. பிள்ளையைத் தனித்தட்டு, தனி அறை என்று ஒதுக்கிவைக்கும் கொடுமைக்கு எந்தத் தேவையும் இல்லை. முன்பு ஒன்பது மாதம் நீண்ட சிகிச்சை, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை முறைகளால் இன்று மூன்று, நான்கு மாதங்களில் முடிந்துவிடுகிறது. இம்மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பே; அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்திவிட வேண்டாம்.

பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும், வீட்டில் யாரேனும் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால் அந்த விவரங்களையும் பெற்றோர் கையோடு எடுத்துவர வேண்டும். இங்குள்ள கவுண்டி சுகாதாரத் துறைகளும் இவ்விளக்கங்களைத் தமிழில் அச்சிட்டுத் தந்தால் புதிதாக வரும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சான் ஹோசே, கலிஃபோர்னியா