சட்டம் போனது, ஓட்டை போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் குறியாக்கச் சட்டங்கள், அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை பற்றிய சட்டங்கள், குறித்த கட்டுரையைப் படித்தேன். அந்தப் பூட்டைத் திறக்க அரசுக்கு மட்டும் ஒரு மாற்றுச்சாவி கொடுத்துவிட்டால் தொழில் நிறுவனங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்கிறார் கட்டுரையாளர். இருபது ஆண்டுக்கும் மேலாக சர்வர்களைக் கட்டி மேய்த்தவனுக்கு இது தொண்டையில் இறங்கவில்லை.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா குறியாக்க மென்பொருளை ஆயுதங்களோடு சேர்த்துப் பட்டியலிட்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் மென்பொருளுக்குப் பொதுவாக 40 பிட் சாவிதான் அனுமதி; பிட் கூடக்கூடத்தான் சாவியை உடைப்பது கடினம். அலுவலக அஞ்சலைச் சுமந்த லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருள் அதனால் உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று பிரிந்தது; பிரான்சின் சட்டத்துக்காக அங்கே தனிப் பதிப்பு வேறு. 1996இல் வெளிநாட்டுப் பதிப்பின் சாவியை 64 பிட்டாக உயர்த்தினார்கள். ஆனால் அதில் 24 பிட்டை, அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ மட்டுமே திறக்கும்படி பூட்டி, செய்தியோடேயே அனுப்பினார்கள். திருடனுக்கு 64 பிட் வேலை, என்எஸ்ஏவுக்கு 40. லோட்டஸ் இதை மறைக்கவில்லை, மேடையிலேயே அறிவித்தது. வாங்கியவர்கள்தான் கவனிக்கவில்லை. ஸ்வீடனில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வரித்துறையினரும் அந்த மென்பொருளில்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1997இல் பத்திரிகையில் வந்த பிறகே அவர்களுக்கு விஷயம் உறைத்தது.

2000 ஜனவரியில் அமெரிக்கா விதிகளைப் பெரிதும் தளர்த்தியது. தொல்லை விட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் 2015இல் 'ஃப்ரீக்' என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. ஏற்றுமதிக்கென்று பலவீனமாகச் செய்த 512 பிட் ஆர்எஸ்ஏ (ஒரு குறியாக்க முறை; அதற்கு 512 பிட் மிகக் குறைவு) சாவியை ஏராளமான வெப் சர்வர்கள் அப்போதும் ஏற்றுக்கொண்டிருந்தன! நடுவில் புகுந்தவனால் பிரவுசரையும் சர்வரையும் அந்தப் பழைய சாவிக்கு இறக்கிவிட முடிந்தது. ஏன் யாரும் அதை நீக்கவில்லை என்று கேட்கலாம். நீக்கினால் எந்தப் பழைய வாடிக்கையாளரின் இணைப்பு அறுந்துபோகுமோ என்ற பயம். ஓடுகிற சர்வரில் கைவைக்க யாருக்கும் மனசு வராது, எனக்கும் வந்ததில்லை.

ஜாவா என்ற நிரல்மொழியிலும் இதே கதைதான். ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் 256 பிட் சாவி வேண்டுமென்றால் இரண்டு கோப்புகளைத் தனியே இறக்கிப் போடவேண்டியிருந்தது. மறந்தால் சாவியின் அளவு செல்லாது என்று பிழை வரும், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில். 2017இல் ஜாவா 9 வந்தபோதுதான் அந்தக் கட்டுப்பாடு இயல்பிலேயே நீங்கியது.

மாற்றுச்சாவி கேட்பவர்கள், அது எந்த ஆண்டில், யார் செலவில், எந்தெந்த சர்வர்களிலிருந்து கழற்றப்படும் என்பதையும் அதே சட்டத்தில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வர் நிர்வாகி ஒருவர்