கழுத்துக்குக் கீழேயும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்துக்குப் பின் மனதைத் தேற்றிக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே உடம்பு என்று ஒன்று இருப்பதை அது மறந்துவிட்டது. மருத்துவத்திலும் குடும்பநல ஆலோசனையிலும் இருக்கும் நாங்கள் விடுபட்டதைச் சொல்கிறோம்.

வாழ்க்கை மாற்றங்களுக்கு ஹோம்ஸ், ரஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967-ல் மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, பிரிந்து வாழ்வதற்கு 65. அந்தப் பட்டியல் சோகத்தை அளக்க வந்ததல்ல. உடம்புக்கு நோய் வரும் வாய்ப்பைக் கணிக்க வந்தது. அமெரிக்காவில் 45 முதல் 80 வயது வரையுள்ள 15,827 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், ஒருமுறை விவாகரத்தான பெண்களுக்கு, மணவாழ்க்கை முறியாத பெண்களைவிட மாரடைப்பு அபாயம் 24 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 77 சதவீதம். மறுமணத்துக்குப் பின் ஆண்களின் அபாயம் குறைந்தது. பெண்களுக்கு அவ்வளவாகக் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு 'எப்படியாவது சேர்ந்தே இருங்கள்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் தம்பதியரின் கையில் சிறு கொப்புளக் காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் கடுகடுவென்று பேசிக்கொண்ட ஜோடிகளுக்குக் காயம் ஆறிய வேகம், இணக்கமான ஜோடிகளின் வேகத்தில் 60 சதவீதம்தான். நச்சரிப்பும் உடம்பைத்தான் தின்கிறது.

எங்கள் அனுபவத்தில் அதிகம் தவறவிடப்படுவது வேறொன்று. வீட்டில் இன்னோர் ஆள் இருந்தவரை 'மாத்திரை போட்டாச்சா' என்று கேட்க ஒரு குரல் இருந்தது. குறட்டை நடுவில் மூச்சு நின்று போவதைப் பார்ப்பவரும் அவர்தான். தூங்குகிறவருக்கு அது தெரியாது. அந்தக் கண்காணிப்பு ஒரே நாளில் இல்லாமல் போகிறது. ஏற்கெனவே சர்க்கரை, பிபி உள்ளவர்கள் வாரத்துக்கான மாத்திரையை ஏழு அறை கொண்ட டப்பாவில் எடுத்து வைத்து, போனில் அலாரமும் வைத்துக்கொள்ளட்டும். மருத்துவமனைப் பதிவில் அவசரத் தொடர்புக்கு இன்னும் முன்னாள் துணையின் எண்ணே இருக்கும். அதை மாற்றச் சொல்லுங்கள்.

பிபியை வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் பெரும்பாலோர் வக்கீலிடம் பேசி முடித்த கையோடு பட்டையைச் சுற்றுகிறார்கள். எண் ஏறியிருக்கும், அதைப் பார்த்துப் பயந்து இன்னும் ஏறும். காபி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள் குறித்து வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போகவேண்டும்.

தூக்கம் வரவில்லை என்று இரண்டு பெக் போடுகிறவர்கள் ஏராளம். மது முதல் பாதி இரவைத் தூங்க வைத்து, பின்பாதியைக் கலைத்துவிடும். மூன்று மணிக்கு விழித்து விட்டத்தைப் பார்ப்பது பல சமயம் அதனால்தான். தூக்க மாத்திரையையும் மதுவையும் சேர்ப்பது மூச்சையே நிறுத்தக்கூடியது. இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், கண் சொருகும்போது திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது. வாரம் மூன்று இரவு, மூன்று மாதம் என்று நீண்டால் அது தூக்கமின்மை நோய், சிகிச்சை உண்டு.

எதற்கெடுத்தாலும் 'கவலைதான் காரணம்' என்பதும் ஆபத்து. முயற்சி எதுவுமில்லாமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடை 5 சதவீதம் குறைந்தால் தைராய்டு, சர்க்கரை உள்ளிட்ட சோதனைகள் வேண்டும். நெஞ்சு வலித்தால் உடனே ஈ.சி.ஜி. அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகத் தளரும் 'டாகோட்சுபோ' என்ற நிலை அச்சு அசல் மாரடைப்பு போலவே இருக்கும்; எது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

கடைசியாகக் கட்டுரையோடு ஒரு சண்டை. 'தினமும் உணர்ச்சிகளை டைரியில் கொட்டுங்கள்' என்ற யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. பிரிந்தவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், நடந்ததற்கு அர்த்தம் தேடிக் குடைந்துகொண்டே இருப்பவர்கள், உணர்ச்சிகளை எழுதிய பிறகு மேலும் சிரமப்பட்டார்கள். அன்றாடம் செய்ததை மட்டும் உணர்ச்சி கலக்காமல் எழுதியபோது தேறினார்கள். இரண்டு வாரம் எழுதியும் அதே பக்கத்திலேயே நிற்கிறீர்களா? நோட்டை மூடிவிட்டு ஆலோசகரைப் பாருங்கள். சாகத் தோன்றுகிறது என்றால் இரண்டு வாரமெல்லாம் வேண்டாம், அன்றைக்கே.

இப்படிக்கு,
மருத்துவர்களும் ஆலோசகர்களுமான வாசகர்கள் சிலர்