ஃப்ளோர் மேனேஜர் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், சேலை செக்‌ஷன்ல நின்ன ஒருத்தி எழுதுறது

வணக்கம். ஜவுளிக்கடையில 9 வருஷம் நின்னவ நான். காலைல கவுன்ட்டருக்கு வந்தா சாப்பாட்டுக்கு விடுற அரை மணி நேரம் தவிர ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நிக்கத்தான் செஞ்சோம். கடைசி ரெண்டு வருஷம் என்னையே செக்‌ஷன் இன்சார்ஜ் ஆக்குனாங்க, அதனால ஆடி சேல் நேரத்துல நாலு பேர் ஒண்ணா லீவு கேட்டா உங்க தலை எப்படி சுத்தும்னு எனக்கும் தெரியும்.

2021ல நம்ம சட்டசபையில, 1947ல போட்ட கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, கடையில வேலை பாக்குற எல்லாருக்கும் உக்கார வசதி இருக்கணும்னு. கேரளாவுல 2018லயே கொண்டு வந்துட்டாங்க. எங்க கடைக்கும் ஸ்டூல் வந்துச்சு, மெஸ்ல அன்னைக்கு பூரா அதே பேச்சு. மொத நாள் ஒரு பொண்ணு உக்காந்தா. அந்தப் பக்கமா வந்த இன்சார்ஜ், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டார். திட்டல, சத்தம் போடல, அவ்ளோதான் கேட்டார். ஆனா அதுக்கப்புறம் ஒருத்தரும் உக்காரல, ஒரு வாரத்துல அந்த ஸ்டூல் மேல மடிச்ச சேலைய அடுக்க ஆரம்பிச்சிட்டோம்.

இதத்தான் நீங்க புரிஞ்சுக்கணும்னு கெஞ்சிக் கேக்குறேன். பிள்ளைங்க கேக்கலைன்னா ஒண்ணும் தேவையில்லைன்னு அர்த்தம் இல்ல. பாத்ரூம் போகணும்னு கேக்க யோசிச்சு யோசிச்சு தண்ணியே குடிக்காம இருக்கிற பிள்ளைங்க இருக்காங்க, மாசத்துல அந்த மூணு நாள் எப்படி ஓட்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எங்க செக்‌ஷன்ல ஒரு பிள்ளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன், ரெண்டு நாள் லீவு கேட்டா. "பாக்கலாம்"னு பதில் வந்துச்சு. பாக்கலாம்னா ஆமாவா இல்லையா, பஸ்ஸுக்கு டிக்கெட் போடவா வேணாமா, வீட்டுக்கு என்ன சொல்றது, ஒண்ணும் தெரியாம நாலு நாள் சரியா சாப்பிடல, கடைசியில திரும்பப் போய் கேட்டா கஸ்டமர் முன்னாடியே "எத்தன தடவ கேப்ப"ன்னு விழுந்தது. அன்னைக்கு ராத்திரியே ஹாஸ்டல்ல பெட்டிய எடுத்துட்டு ஊருக்குப் போனவதான், திரும்பி வரல. நல்லா வியாபாரம் பண்ற பிள்ளை. முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அண்ணனையாவது வரச் சொல்லி போன் போட்டிருப்பா.

நான் இன்சார்ஜ் ஆனப்போ "எது வேணும்னாலும் கேளுங்கம்மா"ன்னு பெருசா சொன்னேன். ஒரு மாசம் யாரும் வாயத் தொறக்கல. அப்புறம்தான் வழிய மாத்துனேன். காலைல கடை தொறக்குறதுக்கு முன்னாடி சேலை அடுக்கும்போதே ஒவ்வொருத்தர் பக்கத்துல போய், இந்த மாசம் ஊருக்குப் போற வேலை இருக்கா, எந்தத் தேதி, காலு வலிக்குதான்னு நானே கேட்டேன். மெதுவா சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒரு சின்ன நோட்டுல யார், என்ன கேட்டா, நான் என்னைக்குப் பதில் சொல்றேன்னு சொன்னேன்னு எழுதி வச்சேன். என் கையில இல்லாத விஷயம்னா "மேனேஜர்கிட்ட புதன்கிழமை பேசுறேன், வியாழன் காலைல சொல்றேன்"னு சொல்லிடுவேன், வியாழக்கிழமை பதில் கிடைக்கலைன்னாலும் போய் "இன்னும் பேச முடியல"ன்னாவது சொல்லணும், அது ரொம்ப முக்கியம். ரெண்டு பேருக்கு ஒரே தேதியில லீவு வேணும்னா ரெண்டு பேரையும் உக்கார வச்சு, போன பொங்கலுக்கு யார் போனாங்கன்னு அவங்களையே பேச விட்டா பாதி நேரம் அவங்களே விட்டுக்குடுத்துப்பாங்க. "போன மாசம்தானே குடுத்தேன்"னு மட்டும் சொல்லாதீங்க, அடுத்த தடவ உண்மையிலேயே அவசரம்னாலும் கேக்க மாட்டா.

20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல குறைதீர்க்கும் குழு இருக்கணும்னு சட்டம் சொல்லுது. இருக்கட்டும், வேணும். ஆனா ஒரு பொண்ணு அது வரைக்கும் போறான்னா உங்ககிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்த்தான் போவா.

ஆடிக்கு முன்னாடி ஒரு நாள், கூட்டம் இல்லாத மத்தியான நேரமா பாத்து அந்த ஸ்டூல் மேல இருக்கிற சேலையெல்லாம் உங்க கையாலயே எடுத்து ரேக்ல வைங்க. "உக்காரும்மா, ஆள் வந்தா எந்திரிச்சுக்கலாம்"னு நீங்களே சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க ஃப்ளோர்ல நின்ன தங்கச்சி