ஆரஞ்சு நட்சத்திரம் வரைந்த ஓவியருக்கு

அன்புள்ள ஓவியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர்களுக்கான அறிவியல் நூல் ஒன்றில் நீங்கள் வரைந்திருந்த ஆரஞ்சு ராட்சத நட்சத்திரத்தைப் பார்த்தேன். கனன்று எரியும் நிலக்கரிப் பாறை, சுற்றிலும் தீ நாக்குகள், ஓரத்தில் விழுங்கப்படும் பூமி. பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. பிடிக்காத படமாக இருந்திருந்தால் பேசாமல் மூடி வைத்திருப்பேன். பிடித்ததால்தான் குறை சொல்ல வருகிறேன்.

முதலில் நிறம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் சுவாதி நட்சத்திரம் அகப்படும். மேலை நாட்டார் ஆர்க்டுரஸ் என்பார்கள். நீங்கள் வரைந்ததைப் போல் அதுவும் ஓர் ஆரஞ்சு ராட்சதன். சுமார் 37 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 4,300 கெல்வின்; நம் சூரியனுடையது சுமார் 5,800. உங்கள் வண்ணப் பெட்டியில் ஆரஞ்சு சூடான நிறம், நட்சத்திரங்களிடம் அது ஆறிய நிறம். இன்னொன்றையும் சொன்னால் நம்புவீர்களோ தெரியவில்லை. பழைய குண்டு பல்பின் இழை 2,700 கெல்வின் அளவில்தான் ஒளிர்ந்தது. அப்படியானால் சுவாதியின் ஒளி அந்தப் பல்பின் ஒளியைவிட வெளுப்பானது! பழத்தின் நிறத்தை நீங்கள் தீட்டியது பெயரை நம்பித்தான். அதே வளைவை மேலும் நீட்டினால் வரும் சித்திரை நட்சத்திரம் 20,000 கெல்வினுக்கும் மேல், நீலம் கலந்த வெண்மை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் சுவாதி இன்னும் சிவந்து தெரியும். பக்கத்து நிறம் செய்யும் வேலையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது அளவு. சுவாதியின் ஆரம் சூரியனைப் போல் சுமார் 25 மடங்கு. ஆகவே பரப்பு அறுநூறு மடங்குக்கும் மேல். மேற்பரப்பின் ஒவ்வொரு துண்டும் சூரியனின் அதே அளவு துண்டைவிட மங்கல்தான், மூன்றில் ஒரு பங்கு ஒளிகூடத் தருவதில்லை. ஆனாலும் பரப்பு அவ்வளவு பெரியது என்பதால் மொத்த ஒளி 170 முதல் 200 மடங்கு ஆகிவிடுகிறது. பூமியை விழுங்குவதா? சூரியன் இருக்கும் இடத்தில் சுவாதியை வைத்தால் புதன் கோளுக்குப் பாதித் தூரம்கூட எட்டாது. விழுங்கும் வேலை திருவாதிரை போன்ற சிவப்புப் பெருராட்சதர்களுக்கு உரியது. ஆரஞ்சு ராட்சதர்களிலும் எல்லாரும் ஒரே அளவல்ல. மிதுன ராசியின் பொல்லக்ஸ் சூரியனைப் போல் 9 மடங்குதான்; ரோகிணி 40 மடங்குக்கும் மேல்.

எனக்கு உண்மையில் உறுத்தியது அந்தப் பாறைதான். சுவாதியின் நிறை சூரியனின் நிறையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதே சரக்கை 16,000 மடங்கு கன அளவில் பரப்பி வைத்தால் என்ன ஆகும்? சராசரி அடர்த்தி நாம் மூச்சிழுக்கும் காற்றின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேற்பரப்பின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு. ராட்சதன் என்கிறோம், உள்ளே பெரும்பாலும் வெறுமை.

இப்படி ஊதிப்போனதற்குக் காரணம் மையத்தில் இருக்கிறது. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாகி, ஹைட்ரஜன் தீர்ந்துபோனது. வெப்பம் தரும் அணுக்கரு இணைவு நின்றதும் அந்த மையம் தன் எடையாலேயே சுருங்கியது. சுருங்கச் சுருங்கச் சூடேறி, அதைச் சுற்றியுள்ள ஓட்டில் ஹைட்ரஜன் முன்னைவிட வேகமாக இணையத் தொடங்கியது. அந்த ஆற்றல்தான் வெளிப்புறத்தைத் தள்ளி விரித்தது. விரிந்ததால் மேற்பரப்பு ஆறியது. உள்ளே சுருக்கம், வெளியே வீக்கம். நம் சூரியனுக்கும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இதே கதிதான்.

மறுபதிப்பு வருமானால் ஒரு யோசனை. தீ நாக்குகளை எடுத்துவிடுங்கள், அங்கே எதுவும் தீப்பற்றி எரியவில்லை. வட்டத்தின் விளிம்பை நடுப்பகுதியைவிடச் சற்று மங்கலாக, சிவப்பு கூட்டித் தீட்டுங்கள். ஓரத்தில் நாம் காண்பது மேலடுக்கின் ஆறிய வாயுவை. பரப்பில் கொதித்தெழும் குமிழ்களும் இருக்கட்டும், ஆனால் சூரியனில் இருப்பவற்றைவிட மிகப் பெரியவையாக, எண்ணிக்கையில் குறைவாக.

மையத்தையும் காட்ட விரும்பினால் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். பூமியைப் போல் சில மடங்கே அகலமானது அது. நட்சத்திரத்தை ஒரு மீட்டர் விட்டத்தில் வரைந்தால் மையம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். அதற்கு என்ன நிறம் தீட்டுவது என்று கேட்பீர்கள். கோடிக்கணக்கான கெல்வின் சூட்டில் அங்கே நிரம்பியிருப்பது பெரும்பாலும் எக்ஸ் கதிர். உங்கள் பெட்டியில் அதற்கு வண்ணம் கிடையாது. பென்சில் புள்ளியாகவே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்